மொட்டைக்குப் பின் ஆடிய ஹெல்மெட்

போன சனிக்கிழமை காலை, சுங்கை பட்டாணியில் ஒரு ஹெல்மெட் கடையின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தலையில் ஹெல்மெட். பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, அதை இரண்டு கைகளாலும் பிடித்து, தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

என் அம்மா.

"ஆடுது. ரிஜெக்ட்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பைக் டயர் வாங்க வந்த இரண்டு பேர், வந்த வேலையை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன்? முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். நெடுஞ்சாலையில் என்னை லாரி முந்தும். சில நாள் டிராக்டரும் முந்தப் பார்க்கும். அப்படிப்பட்ட என்னைத்தான் ரோஸ்லான் ட்ராக் டேவுக்கு இழுத்தான்.

ரோஸ்லான் கூலிம் ஃபேக்டரியில் என் பக்கத்து மேசைக்காரன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன் என்பதால் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். ட்ராக் டே என்றால் பந்தயம் இல்லை என்று அவன்தான் விளக்கினான். நம் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய், கார்ப் பந்தயம் நடக்கிற பாதையில் ஓட்டலாம். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார். எதிரே வண்டி வராது, மாடு வராது. பரிசும் கிடையாது.

"ரோட்டுல பறக்கிறவன்தான் முட்டாள். நீ ட்ராக்குல ஓட்டு. ஜோம்லா மச்சான், போலாம் வா!"

ஏன் சரி என்றேன்? யோசித்துப் பார்க்கிறேன்...

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்குப் பிறகு கல்லூரி, ஃபேக்டரி வேலை, காரின் முன்கண்ணாடியில் ஃபேக்டரி பாஸ். முதல் ஆளாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விழக்கூடாது. பின்னால் வருகிற எல்லோரும் உங்களைப் பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கிறார்கள். இருபத்தேழு வயதுவரை நான் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னொரு பெடலையும் முழுசாக மிதித்துப் பார்த்தால் என்ன?

பெயர் கொடுத்தேன். பதிலுக்கு விதிமுறைகள் வந்தன. முதல் விதி — ஹெல்மெட்.

"உன் மோட்டர் ஹெல்மெட்ட எடுத்துட்டு வா. தாப்பா" என்றான் ரோஸ்லான். தாப்பா... 'பரவாயில்லை' என்பதற்கு நம்மூரில் இதைவிடச் சுருக்கமான சொல் இல்லை. இதைவிட ஆபத்தான சொல்லும் இல்லை.

எனக்குத் தாப்பா வராது. எதுவானாலும் முதலில் படித்துப் பார்க்கிற வியாதி. படித்தேன். பைக் ஹெல்மெட் என்பது ரோட்டில் விழுந்து உரசிக்கொண்டு போகிற தலைக்காகச் செய்தது. கார் ஹெல்மெட், இரும்புக் கூட்டுக்குள் வார் போட்டு உட்கார்ந்திருக்கிற தலைக்காகச் செய்தது. அந்தத் தலை ஒரே கம்பியில் திரும்பத் திரும்ப மோதலாம். வண்டி தீப்பிடிக்கலாம். அதனால் உள்ளே இருக்கிற துணிகூடச் சட்டென்று பற்றிக்கொள்ளாத ரகம். கழுத்தைக் காக்கிற கருவியை மாட்டுவதற்குப் பக்கவாட்டில் திருகு இடங்கள் வேறு.

வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். உள்ளே மெத்தையை விலக்கினால் ஒரு ஸ்டிக்கர். எம் என்று இருந்தால் மோட்டர் சைக்கிள். எஸ்.ஏ. என்று இருந்தால் கார். பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். ரொம்பப் பழைய ஆண்டு என்றால் ட்ராக்கில் வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்கள் வேடிக்கை பாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு ஞானத்தோடு சேகர் அண்ணன் கடைக்குப் போனேன். சுங்கை பட்டாணியில் பைக் சாமான் விற்கிறவர். வாய் ஓயாத மனிதர்.

"ரெண்டும் தலைக்குத்தானே தம்பி? இந்தா, இத எடு. கழுகு படம் போட்டிருக்கு. யங் பாய்ஸ் எல்லாம் இதான் வாங்குறானுங்க."

"உள்ள ஸ்டிக்கர் பாக்கணும்ணே."

"ஸ்டிக்கரா? வேணுங்கிற அளவுக்கு இருக்குலா. ஃப்ரீயா தரேன்."

விளக்கினேன். அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஏணியைப் போட்டு மேல்தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டிகளை இறக்கினார். கோ-கார்ட் ஓட்டுகிற பையன்களுக்காக எடுத்து வைத்ததாம். ஸ்டிக்கரை நாங்கள் இருவருமாகக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தோம். எஸ்.ஏ. ஆண்டும் சரி.

அடுத்தது அளவு. புருவத்துக்குச் சற்று மேலே, தலையின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் பிடிக்க வேண்டும். இங்கேதான் என் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேங்காய் நாரும் கம்பிச் சுருளும் கலந்த ரகம். சீப்பு உள்ளே போனால் திரும்பி வர வழி கேட்கும். சேகர் அண்ணன் டேப்பை அந்தக் காட்டின் மேல் சுற்றி, இழுத்து, ஒரு அளவு சொன்னார்.

போட்டுப் பார்த்தேன். கன்னம் இரண்டும் அமுங்கி, வாய் மீன் வாய் போல் குவிந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். தலையைத் திருப்பினால் ஹெல்மெட்டும் கூடவே திரும்ப வேண்டும். அது ஒரு பக்கம், மண்டை ஒரு பக்கம் போகக் கூடாது. பின்னாலிருந்து மேலே தூக்கினால் கழன்று வரக் கூடாது. என்னைப் போல் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், முக்கியமாக — அரை மணி நேரம் கழற்றாமல் உட்கார வேண்டும். நெற்றியில் ஒரே இடத்தில் மட்டும் ஆணி அடிக்கிற மாதிரி வலித்தால், அளவு சரியாக இருந்தாலும் அது உங்கள் தலையின் வடிவத்துக்குச் செய்தது இல்லை. சிலருக்கு உருண்டைத் தலை, சிலருக்கு நீளத் தலை.

எனக்கு வலிக்கவில்லை. கறுப்பு நிறம், பளபளப்பு. வாங்கிக்கொண்டு பறந்தேன்... சரி, வழக்கமான வேகத்தில்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பையைப் பார்த்தார். அதுவரை அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. லாரி ஓட்டுகிற அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் எப்போதும் போல, "அம்மாவ கேளு" என்று சொல்லிவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டார்.

"மோட்டர் வாங்கப் போறியா?"

"இல்லமா. இது காடி ஓட்டுறதுக்கு." எங்கள் வீட்டில் கார் என்றால் காடிதான்.

"காடிக்குள்ள என்ன மழையா பெய்யுது?"

சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுப்பை அணைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஓட்டணும்னு ஆசையா இருந்தா கோலா கெடாவுக்கு ஓட்டு. மீனாவது வாங்கிட்டு வரலாம். சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றதுக்கு எதுக்குய்யா போறே?"

தங்கை தேவி அடக்க முடியாமல் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"இந்தத் தலைய படிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத கொண்டுபோய் எங்கயாச்சும் மோதிட்டு வந்து நின்னா...?"

ஆனாலும் போகாதே என்று சொல்லவில்லை. மறுநாள் காலை தோட்டத்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அறிவித்தார். முருகனிடம் வேண்டிக்கொண்டாயிற்று. நான் பத்திரமாக ஓட்டி முடிக்க வேண்டும். அதற்கு ஒரு மொட்டை.

"யாருக்குமா மொட்டை?"

"ஒனக்குத்தான். பின்ன, எனக்கா?"

வேண்டுதல் அம்மாவுடையது, தலை என்னுடையது! நம் வீடுகளில் இந்த ஒப்பந்தத்தில் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிய வழக்கம் உண்டா?

"சரிமா, நல்லபடியா முடிஞ்சு வந்ததும் போட்டுக்கறேன். அதானே மொறை?"

"முன்னாடியே போட்டுரு. பின்னாடி தலை எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்."

இதற்கு மேல் வாதாடுகிறவன் மகனே இல்லை. ட்ராக் டே ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்துக் கோயிலில் மொட்டை. சந்தனம் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா என்னை மட்டும் விடவில்லை. ஹெல்மெட்டையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. புது லாரி மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மதியம் கிளம்பி, கிள்ளானில் சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு காலை ட்ராக்குக்குப் போவதாகத் திட்டம். சனிக்கிழமை காலை, பூவை எடுத்து வைத்துவிட்டு, சும்மா ஒருமுறை ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தேன்.

வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

தலையை வலப்பக்கம் திருப்பினேன். தலை திரும்பியது. ஹெல்மெட் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் கறுப்பாக ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தேவியின் சிரிப்பு மட்டும் கேட்டது.

"அண்ணே, சட்டிக்குள்ள பூனை மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கே!"

சேகர் அண்ணன் அளந்தது தலையை மட்டும் இல்லை, அந்தக் காட்டையும் சேர்த்து. காடு இப்போது முருகனிடம்.

தேவி ஒரு துண்டை மடித்துக் கொண்டுவந்தாள். "உள்ள வச்சு அமுக்குனா டைட் ஆயிரும்லா." கூடாது. அடிபடும்போது அந்தத் துண்டு நசுங்கி, ஹெல்மெட் தலையை விட்டு நகர்ந்துவிடும். ரோஸ்லானுக்கு ஃபோன் போட்டேன். "வாரை இறுக்கிக் கட்டு மச்சான். தாப்பா."

ஒப்புக்கொள்கிறேன், எனக்குள்ளும் ஒரு தாப்பா எட்டிப் பார்த்தது. பையெல்லாம் கட்டியாயிற்று. லீவு போட்டாயிற்று. மெதுவாகத்தானே ஓட்டப் போகிறேன்? யார் பார்க்கப் போகிறார்கள்?

அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "முருகனே வேணாங்கிறாரு" என்றார். குரலில் கொஞ்சம் நிம்மதி.

ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"சரிமா. போகல."

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. நான் முறைப்பேன், கத்துவேன், அவர் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக நின்றிருந்தார்.

"ஏன் போகல?"

"ஆடுதுமா. ஆடுறத போட்டுக்கிட்டு ஓட்டுறதும் ஒண்ணு, போடாம ஓட்டுறதும் ஒண்ணு."

அம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு என்னையே பார்த்தார். இந்தப் பயல் தன் தலையைத் தானே பார்த்துக்கொள்வான் போலிருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆடலன்னா?"

"ஆடலன்னா போவேன்."

"கடை தொறந்திருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையை எடுத்தார்.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா கையுறை ஃபேக்டரியில் செக்கிங்கில் இருக்கிறார். நாள் முழுக்க ரப்பர் கையுறைகளை இழுத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் தூக்கிக் கூடையில் போடுவதுதான் வேலை. எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று வழியில் காரிலேயே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பக்கவாட்டில் ஆட்டணும். மேல கீழ ஆட்டணும். பின்னாலிருந்து தூக்கணும். நெத்தித் தோல் கூடவே நகரணும்.

கடையில் சேகர் அண்ணன் முதலில் கண்டது சந்தனப் பொட்டு வைத்த ஹெல்மெட்டை. அப்புறம்தான் என் தலையை.

"அடப்பாவி! என்ன தம்பி இது? அளந்த தலை எங்க?"

அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். அதே ஹெல்மெட்டுக்குத் தடித்த கன்ன மெத்தைகள் இருந்தன. மாற்றிப் போட்டார் சேகர் அண்ணன். கன்னம் இறுகியது. அம்மா பின்னால் போய் நின்று ஆட்டினார். அந்தக் காட்சியைத்தான் நீங்கள் முதலில் பார்த்தீர்கள். உச்சியில் இன்னும் இடைவெளி. ரிஜெக்ட்.

"யக்கா, இது போதும்லா. பையன் என்ன ரேஸா ஓட்டப் போறான்?"

"நீங்க இதப் போட்டு ஒங்க புள்ளைய அனுப்புவீங்களா?"

சேகர் அண்ணன் ஏணியை எடுத்தார்.

ஒரு சைஸ் சிறியதில் ஒன்று இருந்தது. அம்மா இழுத்தார், பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. ரிஜெக்ட். வேறு வடிவத்தில் இன்னொன்று. அது ஆடவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் நெற்றியில் ஆணி இறங்கியது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்தது. அம்மா சுவரில் மாட்டிய கண்ணாடியில் என் புருவத்தைப் பார்த்தார்.

"வலிக்குதுல்ல? கழட்டு."

கடைசியாக மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. சேகர் அண்ணன் அதைத் திறக்கத் தயங்கினார். "இது ஒரு பொண்ணுக்காக வரவழைச்சது. அது வரல. அளவு சரியா இருக்கும்... ஆனா கலர்..."

ரோஜா நிறம். மிட்டாய் ரோஜா.

போட்டேன். மீன் வாய் வந்தது. மூக்குக்கண்ணாடியும் சரியாக உட்கார்ந்தது. அம்மா வலமாக ஆட்டினார். என் முகத்துத் தோலெல்லாம் கூடவே போனது. இடமாக ஆட்டினார். பின்னாலிருந்து தூக்கினார் — நான்தான் நாற்காலியிலிருந்து எழும்பினேன். ஸ்டிக்கரைப் பார்த்தோம். எஸ்.ஏ. பிறகு அரை மணி நேரம், டயர்காரர்கள் முன்னிலையில், ரோஜாத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். வலி இல்லை.

"பாஸ்" என்றார் அம்மா. என் வாழ்க்கையில் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் அவர் அந்தச் சொல்லை அவ்வளவு நிதானமாகச் சொன்னதில்லை.

பழையதைத் திரும்ப எடுக்க சேகர் அண்ணன் முதலில் யோசித்தார். "பொட்டு வச்சு பூசை போட்ட சாமான நான் யாருக்கு யக்கா விக்கிறது?"

"யாரு விக்கச் சொன்னா? கல்லாப்பெட்டி மேல வச்சுக்குங்க. வேண்டுதல் ஏறின ஹெல்மெட். யாவாரம் ஓடும்."

மனிதர் அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு கவலை பாக்கி. "முடி வளந்தா இது பத்தாதேமா?"

"வளந்தா வெட்டு" என்றார். கடையை விட்டு இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். "நானும் வரேன்."

ஞாயிறு காலை. ட்ராக்கில் வரிசையாகக் கார்கள். ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டோடு நிற்க, ஓர் அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார், ஆண்டைப் பார்த்தார், என் தலையைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. நிறத்தைப் பார்த்து உதடு துடித்தது. ஆனாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்குப் பின்னால் ரோஸ்லான். இரவல் வாங்கிய ஹெல்மெட். அதிகாரி அவனிடம் வருவதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கை நீண்டு அவன் மண்டையைப் பிடித்தது.

"தம்பி, இனி லொங்கார்லா!" இனி லொங்கார் என்றால் மலாயில் 'இது தளர்வாக இருக்கிறது'. அம்மாவின் மலாயில் எனக்குத் தெரிந்து அவ்வளவு உறுதியான சொல் வேறு கிடையாது.

"மாக்சிக், தாப்பா..." என்று ரோஸ்லான் அத்தை முறை சொல்லிக் கெஞ்சினான்.

"தாப்பா, கீப்பா எல்லாம் வீட்டுல வச்சுக்க. கழட்டு!"

ரோஸ்லான் கழற்றினான். அதிகாரி பார்த்தார். அம்மா சொன்னது சரிதான். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் ஹெல்மெட்டில் வேறு அளவு எடுத்துவரச் சொல்லி அவனை அனுப்பினார். அவனுக்கு அடுத்து நின்ற சீனப் பையன், யாரும் சொல்லாமலே, தலையைக் குனிந்து அம்மாவிடம் நீட்டினான்.

என் முறை வந்தது. பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுக்கிறவர். முதல் சுற்றில் பயந்தேன். இரண்டாவதில் வியர்த்தேன். நீளமான நேர்பாதை வந்தபோது அவர், "இப்ப மிதிங்க" என்றார். மிதித்தேன். முழுசாக. கண்ணுக்கு முன்னால் பாதை அகலமாக விரிந்துகொண்டே வந்தது. தலை ஆடவில்லை. கத்திவிட்டேன் — என்ன கத்தினேன் என்பதை எழுத முடியாது.

இறங்கி ஓடிவந்து, மூச்சு வாங்க, "அம்மா, பாத்தீங்களா? அந்த நேர்ரோட்டுல பாத்தீங்களா?" என்றேன்.

பார்க்கவில்லையாம். வரிசையில் இன்னும் தலைகள் பாக்கி இருந்தனவாம்.